நாலடி இஸ்தோப்பு

ஜூன் பிறந்தால் நீலகிரி நடுவட்டத்தில் மழை தகரத்தின் மேல்தான் குடியிருக்கும். உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. காம்பரா என்கிற ஒரே அறை, மூலையில் அடுப்பு, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீடு அவ்வளவுதான்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்து இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 பேரில் அம்மாவும் ஒருத்தி. அப்படி வந்தவர்களுக்காக 1968-இல் அரசு போட்ட தேயிலைதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. வந்திறங்கிய அன்று வீட்டைப் பார்த்துவிட்டு, இலங்கையில் விட்டுவந்த லைனை நினைத்து, "அதே லயந்தான்" என்றாளாம். சலிப்பா நிம்மதியா, கடைசிவரை சொல்லவில்லை.

குறை நிறைய. ஜன்னல் சின்னது, புகை போக வழியில்லை. அடுத்த காம்பராவில் யாராவது இருமினால் எங்கள் வீட்டில் சுக்குத் தட்டுவார்கள். புருஷன் பெண்சாதி சண்டையைக் குசுகுசுவென்றுதான் போட வேண்டும். வாய்விட்டு அழ நினைத்தால் தேயிலைக்குள் போக வேண்டும். அந்தப் புகைக்கும் நெரிசலுக்கும் இன்று யாராவது ஏங்கினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இஸ்தோப்பு வேறு. நனைந்த கம்பளியும் இடுப்பில் கட்டும் படங்கும் அங்கேதான் தொங்கும். கிழவிகள் விறகின்மேல் உட்கார்ந்து இலங்கை ஹட்டன் கதை பேசுவார்கள். நாங்கள் பாடம் படித்ததும் அங்கேதான். யார் முகம் வாடியிருக்கிறது என்று லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஊரில் பழைய ஜெயில் ஒன்றும் உண்டு. சிங்கோனா மரம் போட்ட காலத்தில் அந்த வேலைக்குச் சீனக் கைதிகளை இந்த மலையில் அடைத்து வைத்திருந்தார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, நடுவட்டம் பக்கமே காய்கறி போட்டுப் பிழைத்ததை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். ஆளை வேலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் ஜெயிலுக்கும் லைனுக்கும் கணக்கு. லைனை வீடாக்கியது இஸ்தோப்பு என்பேன்.

பென்ஷனுக்குப் பிறகு அம்மா திருப்பூரில் என் தம்பியோடு இருந்தாள். மூன்றாவது மாடி, பெரிய ஜன்னல், தனி அறை, உள்ளேயே கக்கூஸ். பகலெல்லாம் வாசல்கதவைத் திறந்தே வைப்பாள். எதிர்க்கதவு திறந்ததில்லை. மெல்ல மெல்லப் பேச்சு குறைந்துபோயிற்று. டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார்.

ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவர்களுக்குப் புது வீடு கட்டுகிறவர்களே, காற்றும் வெளிச்சமும் கொடுங்கள், புகைபோக்கி வையுங்கள். அப்படியே வாசலில் கூரையை நாலடி நீட்டி, பக்கத்து வீட்டுக் கூரையோடு சேர்த்துவிடுங்கள்.