மலைமேல் ஒரு பிடி அரிசி

நூறாண்டுக்கு மேலாக மிசோரத்தின் சமையலறைகளில் தினமும் இரண்டு வேளை ஒரு பிடி அரிசி ஒதுக்கப்படுகிறது. பைபிளை இந்த மலை மக்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை அந்தப் பிடியே சொல்லிவிடுகிறது.

மிசோரத்தின் தலைநகரமான ஐஸாலை நெருங்க ரயிலுக்கு 2025 செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அஸ்ஸாம் எல்லையை ஒட்டிய பைராபியிலிருந்து சாய்ராங்வரை 51 கிலோமீட்டர். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ஒரு சுரங்கத்தின் இருட்டு முடிந்து மூங்கில் காடு கண்ணில் படுவதற்குள் அடுத்த இருட்டு வந்துவிடுகிறது. சாய்ராங்கில் இறங்கினால் ஐஸாலுக்கு மலைமேல் இன்னும் சுமார் 20 கிலோமீட்டர். இந்தியக் குடிமக்களேயானாலும் வெளிமாநிலத்தவர் இன்னர் லைன் பர்மிட் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது.

ரயில் வருவதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்னால், 1894 ஜனவரி 11 அன்று, இதே சாய்ராங்குக்கு த்லோங் ஆற்றின் வழியே படகில் வந்து சேர்ந்தார்கள் லோரைன், சேவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே துப்பாக்கிகளோடு வந்த பிரிட்டிஷ் படை லூஷாய் மலைகளைக் கைப்பற்றியிருந்தது. இவர்கள் கொண்டுவந்தது பைபிள். மலை மக்களின் மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் அமைத்துத் தந்ததும் இவர்களே. வந்த நாள் இன்றும் 'மிஷனரி தினம்' என்ற அரசு விடுமுறை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலத்தின் சுமார் 11 லட்சம் பேரில் 87 சதவீதம் கிறிஸ்தவர்கள்.

அந்த இருவரையும் அனுப்பிய பணம் லீட்ஸ் நகரத்து ராபர்ட் ஆர்த்திங்டனுடையது. பெரும் செல்வந்தரான அவர் தன் வீட்டில் ஒரே அறையில் தனியாக ஒடுங்கி வாழ்ந்து, சேர்த்ததையெல்லாம் மிஷன் பணிகளுக்கு எழுதிவைத்தவர். அக்கம்பக்கத்தார் அவரைக் கஞ்சன் என்றார்கள். நன்மை செய்தார், சந்தேகமில்லை. ஆனால் கொடுப்பது என்பது அவர் வரையில் தன்னை வருத்திக்கொள்ளும் ஒரு தவமாகவே இருந்திருக்க வேண்டும். அவர் காசில் மலையேறிய பைபிளை மலை மக்கள் வேறு விதமாகப் படித்தார்கள்.

எப்படி என்று பார்க்க ஒரு மிசோ வீட்டின் அடுக்களைக்குப் போக வேண்டும். இங்கே முழுச் சாப்பாடு நாளுக்கு இரண்டு வேளை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று, பொழுது சாயும் நேரத்தில் ஒன்று. உலையில் போட அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்திருக்கும் பாத்திரத்தில் போடுகிறாள். அது சர்ச்சுக்கு. வாரந்தோறும் சபையின் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போகிறார்கள். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு ஊழியத்துக்கும் உதவிகளுக்குமான பணமாகிறது. 'பூஃபாய் தம்' என்று இதற்குப் பெயர். பூஃபாய் என்றால் அரிசி; தம் என்றால் ஒரு பிடி.

பிடியரிசி தமிழருக்குப் புதிதல்ல. காஞ்சிப் பெரியவரின் பிடியரிசித் திட்டத்தை நினைவு வைத்திருப்பவர்கள் பலர். மிசோரத்தின் புதுமை அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. 1910இல் தொடங்கிய பழக்கம் இது. அடுத்த ஆண்டே, 1911இல், மலையில் பஞ்சம். 'மௌதம்' என்று அதைச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும். அந்த விதைகளைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் புகுந்து நெல்லை அழிக்கும். பழக்கம் அந்தப் பஞ்சத்தைத் தாண்டியது. 1959இல் வந்த அடுத்த பஞ்சத்தையும் தாண்டியது. சாப்பிட ஏதோ இருக்கும்வரை கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்பது இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த நியாயம்.

இந்த ஒரு பிடியின் அருமை புரிய வேண்டுமானால் பைபிள் வருவதற்கு முந்தைய மிசோ நம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர்கள் போய்ச் சேரக்கூடிய இன்ப உலகம் 'பியால்ரால்'. அங்கே நெல் குத்தும் வேலை கிடையாது. அரிசி அரிசியாகவே கிடைக்கும், உட்கார்ந்து சாப்பிடலாம். தினமும் உரலும் உலக்கையுமாக மல்லுக்கட்டிய மக்கள் சொர்க்கத்தை வேறெப்படிக் கற்பனை செய்திருப்பார்கள்? ஆனால் அங்கே எல்லோரும் போய்விட முடியாது. ஊருக்கே திரும்பத் திரும்ப விருந்து வைத்தோ, குறிப்பிட்ட விலங்குகளை வேட்டையாடியோ 'தங்சுவா' என்ற பட்டம் பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பேறு. விருந்து வைக்க மிதுன் மாடுகளும் நிறைந்த களஞ்சியமும் வேண்டும். வேட்டைக்கு வீரம் வேண்டும். ஏழைக்கும் விதவைக்கும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

பூஃபாய் தம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. ஊருக்கு விருந்து வைக்கும் பெருமை செல்வந்தனின் முற்றத்திலிருந்து பெண்ணின் கைக்கு இறங்கியது. பியால்ராலின் குத்திய அரிசி இங்கேயே, இந்த அடுப்படியிலேயே, அடுத்தவருக்காக ஒதுக்கும் அரிசியானது. நூற்றாண்டுக்கு முன் மிசோ பெண்ணின் கையில் நிலமோ காசோ இல்லை. அவள் அதிகாரத்தில் இருந்தது சோற்றுப் பானை ஒன்றுதான். அதிலிருந்தே அவள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தாள். மலைக்கு வெளியே முகம் தெரியாதவர்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்த உதவினாள்.

பைபிளில் இதற்கு ஆதாரம் தேடிப் போனால் நிறையவே கிடைக்கும். பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் மிஞ்சியிருந்தது பானையில் ஒரு பிடி மாவு. அதில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தவள் அவள். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் இரண்டே காசு போட்ட விதவையை இயேசு பணக்காரர்களுக்கு மேலே வைத்தார். எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டிய பவுல், கொரிந்துவில் இருந்தவர்களுக்கு மக்கெதோனியா சபைகளை எடுத்துக்காட்டி எழுதினார். கொடிய வறுமையில் இருந்தும் அவர்கள் சந்தோஷத்தில் வாரிக் கொடுத்தார்கள் என்பது அவருக்கே வியப்பாக இருந்திருக்கிறது. எல்லாம் மாயை என்று ஆரம்பிக்கும் பிரசங்கி நூலின் ஞானியும், வாழ்வில் எது மேல் என்று அலசி, மகிழ்வதிலும் நன்மை செய்வதிலும் வந்து நிற்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் என்பது கவனிக்க வேண்டியது. முதலில் கடமை, பிறகு அதற்குக் கூலியாக மகிழ்ச்சி என்று அவர் வரிசை போடவில்லை.

மிசோக்களுக்கு இதைப் புரிந்துகொள்ள உரை தேவைப்படவில்லை. 'த்லோம்ங்காய்னா' என்ற சொல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தன் வசதியைப் பின்னால் தள்ளி, யாரும் கேட்காமலே அடுத்தவருக்கு ஓடிப் போய் உதவும் பண்பு அது. தமிழில் ஒரே சொல்லில் சொல்வது கடினம். திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு முன்னால் ஒப்புரவுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறதே, அந்த ஒப்புரவு கிட்டத்தட்ட இதற்குப் பக்கத்தில் வரும். பழைய கிராமத்தில் இளைஞர்கள் இரவில் ஒன்றாகத் தங்கிய 'ஸால்புக்' என்ற பெரிய கூடம்தான் இதற்குப் பள்ளிக்கூடம். அந்தக் கூடங்கள் மறைந்தன. 1935இல் தொடங்கிய அமைப்பு, இன்று ஒய்.எம்.ஏ. என்று அழைக்கப்படும் யங் மிசோ அசோசியேஷன், அந்த வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது.

சாவு வீட்டில் அதைப் பார்க்கலாம். பேட்டையில் ஒருவர் இறந்தால் ஒய்.எம்.ஏ. ஒலிபெருக்கியில் செய்தி சொல்லும். குழி வெட்ட இளைஞர்கள் தாங்களாகவே வந்து நிற்பார்கள். கூலி என்ற பேச்சே இல்லை. இரவில் அந்த வீட்டில் ஊர் கூடும். நடுவில் 'குவாங்' என்ற மத்தளம். அதன் நிதானமான தாளத்துக்கு மணிக்கணக்கில் பாடுவார்கள். இழவு வீட்டில் பாட்டா என்று வெளியூர்க்காரருக்கு முதலில் திகைப்பாக இருக்கும். ஒப்பாரி வைக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அத்தனை திகைப்பு தேவையில்லை. ஆரம்ப காலத்தில் சர்ச்சுக்குள் மத்தளத்துக்கு இடமில்லை. பின்னால் அலையலையாக வந்த எழுப்புதல் காலங்களில் மக்கள் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். பாட்டும் வெல்ஷ் மெட்டிலிருந்து மலையின் மெட்டுக்குத் திரும்பியது. மிஷனரிகள் தந்த நன்மையோடு தங்கள் மகிழ்ச்சியையும் சேர்த்தே இந்த மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

தெருவிலும் இதன் சாயல் உண்டு. ஐஸாலின் குறுகலான மலைச் சாலைகளில் வாகனங்கள் வரிசை கலையாமல் காத்து நிற்கும். ஹாரன் சத்தம் அபூர்வம். கிழக்கே செலிங் செல்லும் நெடுஞ்சாலையோரம் மூங்கில் பந்தல்களில் காய்கறியும் பழமும் விலை எழுதி வைத்திருக்கும்; விற்பவர் இருக்கமாட்டார். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட வேண்டும், சில்லறையும் அதிலிருந்தே. சிறு விவசாயிகள் நாள் முழுக்கக் கடையில் காத்திருந்தால் வயலை யார் பார்ப்பது? தேவைதான் இந்தக் கடைகளைப் பிறப்பித்தது, நம்பிக்கை நடத்துகிறது.

இதையெல்லாம் வைத்து மிசோரம் ஒரு சொர்க்கம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். 1959 பஞ்சத்தில் அரசு கைவிட்டது என்ற கோபம் 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அந்த மார்ச்சில் இந்திய விமானப் படையின் விமானங்கள் ஐஸால் மீது தாக்குதல் நடத்தின. மக்கள் தங்கள் கிராமங்களிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு, சாலையோரக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். 1986 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகே அமைதி. மறு ஆண்டு மாநில அந்தஸ்து. இந்த மக்களின் பாட்டில் இருக்கும் மகிழ்ச்சி கஷ்டம் தெரியாதவர்களின் மகிழ்ச்சி அல்ல.

சபையின் கண்காணிப்புக்கும் இங்கே குறைவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், வாரம்தோறும் வாசலுக்கு வரும் பெண்களிடம் வெறும் பாத்திரத்தை எந்தக் குடும்பம் நீட்டும்? மனவருத்தத்தோடும் கட்டாயத்தாலும் கொடுக்க வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல் இந்தச் சிக்கலை அறிந்தவர்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பிடி யாருக்கு என்பது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும், தியாவ் ஆற்றைக் கடந்து சின் மக்கள் மிசோரத்துக்குள் வந்தார்கள். ஊடுருவலைத் தடுக்கும்படி அடுத்த மாதமே மத்திய உள்துறை எழுதியது. திருப்பி அனுப்ப முடியாது என்றார் அன்றைய முதல்வர் ஸோராம்தங்கா. வந்தவர்கள் 30,000க்கும் அதிகம். 2023 மே மாத மணிப்பூர் கலவரத்துக்குப் பின் குக்கி-ஸோ மக்கள் ஒரு சமயம் 12,000 பேருக்கு மேல். சொந்த வருவாய் சொற்பமான ஒரு மாநிலம், சாப்பாட்டு அரிசிக்கே வெளியூர் லாரிகளை எதிர்பார்க்கும் மாநிலம், இவர்களுக்குக் கூரை போட்டது. முன்னால் நின்றவை சபைகளும் ஒய்.எம்.ஏ.வும் கிராமங்களும்தான். ஒரு பிடியின் பழக்கம் இல்லாத ஊரில் இது இத்தனை வேகமாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் சின்களும் குக்கிகளும் மிசோக்களுக்கு ரத்த உறவு. ப்ரூ மக்கள் அப்படியல்ல. 1997இல் வெடித்த இனமோதலில் ஆயிரக்கணக்கான ப்ரூக்கள் இதே மிசோரத்திலிருந்து திரிபுராவுக்கு ஓடினார்கள். முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர். எஞ்சிய 30,000க்கும் மேற்பட்டோர் திரிபுராவிலேயே குடியமர 2020 ஜனவரியில் ஒப்பந்தமானது. இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சுமந்தவன் அவனுடைய இனத்தானல்ல. அவன் இனம் இகழ்ந்த சமாரியன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அத்தனையும் சாத்தி, இரண்டு மூன்று முறை கோயிலுக்குப் போகும் ஐஸாலுக்கு இந்தக் கதை மனப்பாடம். அதை ப்ரூக்கள் விஷயத்தில் படித்துப் பார்ப்பதுதான் பாக்கி.

படிக்கமாட்டார்கள் என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. செல்வந்தருக்கு மட்டும் உரியதாக இருந்த ஒரு பெருமையைச் சமையலறைக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் இவர்கள். இன்று சம்பளக்காரக் குடும்பங்கள் மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாகச் சபைக்குக் கொடுக்கின்றன. பல வீடுகளில் கேஸ் அடுப்பும் குக்கரும் வந்துவிட்டன. பணக்கணக்கில் பார்த்தால் பிடியரிசியை எப்போதோ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாரந்தோறும் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, மலைச் சரிவின் படிகளில் ஏறி இறங்கி, வாசல் வாசலாக அரிசி வாங்கிப் போகிறார்கள். குடம் குடமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தால் ஒரு தலைமுறையோடு ஓய்ந்திருக்கும். ஒரு பிடி என்பதால் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.