நள்ளிரவில் ஒரு குறுக்கு விசாரணை



சென்ற ஞாயிறு ஆராதனையில் என் கண்கள் சிவந்திருந்ததைக் கண்டு, இரவெல்லாம் ஜெபத்தில் தரித்திருந்தீர்களோ என்று சிலர் அன்போடு கேட்டீர்கள். நான் புன்னகைத்து நழுவிவிட்டேன். உண்மை இதுதான்: ஜான் கிரிஷாமின் நீதிமன்ற நாவல் ஒன்றை இரண்டு மணிவரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

இது பழைய பழக்கம். ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னில் தொடங்கியது (அதை எழுதியவர் பெயர் தேவன், ஆகவே குற்ற உணர்வு சற்றுக் குறைவு). பிறகு ரோமன் ரோலண்ட் நூலகத்துப் பெர்ரி மேசன் கதைகள். ஊரே குற்றவாளி என்று முடிவுகட்டிய ஒருவனுக்காக ஒருவர் எழுந்து, சாட்சியிடம் முதல் கேள்வியைக் கேட்கும் அந்தக் கணத்துக்காகவே நான் பக்கங்களைப் புரட்டுகிறேன்.

நம் புதுச்சேரியில் அப்படி ஒருவரும் எழுந்து நிற்காத வழக்கொன்று உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்தவர் நயினியப்பப் பிள்ளை. 1708-இல் அவரை அப்பதவியில் அமர்த்தியவர் ஆளுநர் எபேர். 1716-இல் கைது செய்வித்தவரும் அவரே. விசாரணையில் மொழிபெயர்த்தவர், சேசு சபைக் குருமாரின் உபதேசியாருடைய மகன். தமிழில் சொன்னவை பிரெஞ்சில் எழுதப்பட்டன. தாங்கள் எதில் கையொப்பமிட்டோம் என்பதே சாட்சிகளுக்குத் தெரியாது என்பது பின்னாளில் எழுந்த முறையீடு. கடைத்தெருவில் 50 கசையடி, மூன்று ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். அதன் பிறகே தீர்ப்பு தள்ளப்பட்டது. மகன் குருவப்பர் பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார்; அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பினார்.

கிறிஸ்தவரல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருக்கலாகாது என்று வற்புறுத்தியவர்கள் குருமார். ‘அவர்கள் வேறு சபையார்’ என்று நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். நாபோத்தின் வழக்கில் உபவாசம் கூறி இரண்டு சாட்சிகளை நிறுத்தினார்கள். முறைமைகளில் ஒன்றும் குறையவில்லை. அதற்கு மாறாக, குற்றஞ்சாட்டுகிறவர்களை முகமுகமாய்ச் சந்திக்க விடாமல் ஒருவனை ஒப்புக்கொடுப்பது ரோமர் வழக்கமல்லவென்று சொன்னவன் பெஸ்து, ஒரு புறஜாதியான். அப்போஸ்தலர் நடபடிகளை வாசிக்கும்போதெல்லாம் இந்த இடம் என்னைக் குத்துகிறது.

குத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், காணிக்கைக் கணக்கைப் பற்றி ஒரு சகோதரர்மேல் புகார் வந்தது. இரண்டு பேர் சொன்னார்கள், இருவரும் நல்லவர்கள். நான் நம்பினேன். அவர் கணக்குப் புத்தகத்தோடு என் வாசலுக்கு வந்தபோது, ‘இருக்கட்டும் ஐயா, ஜெபிப்போம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். புத்தகத்தைத் திறக்கவேயில்லை. அன்றிரவும் நான் ஏதோ ஒரு நாவலில் குறுக்கு விசாரணையை ரசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, மேசைமேல் வைத்தார். புகார் சொன்ன இருவரையும் அழைத்திருக்கிறேன். மூன்று மாலைகளாக நால்வரும் ஒவ்வொரு ரசீதாகப் பார்த்துவருகிறோம். இப்போது மார்ச் மாதத்தில் இருக்கிறோம்.