பெயர் மட்டும் போதும்!

"மது அருந்துவதால் விளையும் கேடுகள்" – என் மாணவர்க்கு ஆண்டுதோறும் நான் தந்த கட்டுரைத் தலைப்பு இது. பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவர். நான் சிவப்பு மையால் திருத்துவேன். திருத்தும் கை நடுங்கும்! நடுக்கம் நிற்க மாலையில் ஒரு மிடறு வேண்டும். பின்னர்க் காலையிலும் வேண்டும் என்றாயிற்று. ஊரார் பிள்ளைகளைத் திருத்தினேன். திருத்துபவனைத் திருத்துவார் யார்?

குடிப்பதற்கு நான் வெட்கப்படவில்லை, நண்பர்களே! குடிக்கு அடிமை என்று ஒப்புக்கொள்ளவே வெட்கப்பட்டேன். "இனித் தொடேன்" என்று மனைவியிடம் எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறையும் உண்மையாகவே சொன்னேன். அந்த உண்மை மறுநாள் மாலை வரைகூட நிலைக்கவில்லை. மகளோ என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஏச்சைத் தாங்கலாம், அந்த மௌனத்தைத் தாங்க இயலவில்லை.

ஒருநாள் வீம்புடன் அடியோடு நிறுத்தினேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து வீழ்ந்தேன். இல்லாத உருவங்கள் சுவரில் ஊர்ந்தன. மருத்துவமனையில் கண் விழித்தபோதுதான் உணர்ந்தேன், நெடுநாள் குடித்தவன் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும் என்பதை! தேறியபின் மருத்துவர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "உடம்பை நாங்கள் தேற்றிவிட்டோம். இனி வரும் மாலைப் பொழுதுகளுக்குத் துணை வேண்டுமே! இங்கே செல்லுங்கள்" என்றார். அதில் ஒரு முகவரி. கூட்டம் மாலை ஏழு மணிக்கு.

முதல் முறை வாயில்வரை சென்று திரும்பினேன். தெரிந்த முகம் ஏதேனும் கண்டுவிட்டால்? மதுக்கடை வாசலில் பட்டப்பகலில் நின்றபோது தோன்றாத அச்சம், மருந்தின் வாசலில் தோன்றியது! மறுவாரம் உள்ளே நுழைந்தேன். பள்ளிக்கூட அறை ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், தேநீர். "வாங்க சார், உட்காருங்க" என்றார் ஒருவர். என்ன குலம், என்ன பதவி, எவ்வளவு குடித்தாய் – எதுவும் கேட்கவில்லை. பெயர் மட்டும் போதும் என்றார். கட்டணமும் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கு நுழைவுச் சீட்டு!

1929இல் செங்கற்பட்டு மாநாட்டில், பெயரின் பின்னே தொங்கிய சாதிப் பட்டத்தை அறுத்தெறிந்தனர் நம் முன்னோர். அந்த அறையிலோ பதவி, படிப்பு, பெருமை என்ற பட்டங்களும் உதிரக் கண்டேன். அன்று கூட்டத்தை நடத்தியவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைச் சொன்னார். குடிகாரன் என்னவில்லை, குடிநோயாளி என்றார். முப்பதாண்டு பேசியே பழகிய வாத்தியார், அன்று மாணவனாக அமர்ந்து கேட்டேன். அவர் கதையில் என் வீடு இருந்தது. என் மகளின் மௌனம் இருந்தது.

இந்த அமைப்பின் பிறப்பும் அத்தகையதே. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வணிக முயற்சி முறிந்த நிலையில் விடுதியில் நின்றார் பில் வில்சன். ஒருபுறம் மதுக்கூடம் அழைத்தது. அவரோ தம்மைப்போல் குடியில் துன்புறும் மற்றொருவரைத் தேடித் தொலைபேசியைச் சுழற்றினார். கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். இருவரும் மணிக்கணக்கில் பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் பாப் கடைசியாகக் குடித்தார்; அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. குடியரின் குடும்பத்தார்க்கென 1951இல் அல்-அனான் எழுந்தது. என் மனைவி இன்று அங்கே செல்கிறாள்.

ஆனால், அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். என் பகுத்தறிவு முரண்டியது. "எனக்கு அந்த நம்பிக்கை இல்லையே!" என்றேன். ஓட்டுநர் சிரித்தார். "தனியா உங்களால முடியல. இத்தனை பேர் சேர்ந்தா முடியுது. இந்தக் கூட்டம் உங்களைவிடப் பெரிசுதானே சார்? அதை நம்புங்க. நாளையைப் பத்தி யோசிக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி படுக்கிற வரைக்கும் குடிக்காம இருங்க." அந்தத் தர்க்கத்தை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. மக்கள் திரண்டால் தனி மனிதனைவிட வலிமை பெரிது – இதை மேடைதோறும் முழங்கியவன்தானே நான்!

ஐந்தாம் மாதம் வழுக்கினேன். மறுநாள் தலைகுனிந்து சென்றேன். எவரும் ஏசவில்லை. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மற்றொருவர் தேநீர் தந்தார். அந்த நாற்காலிதான் என்னைக் காத்தது. மூன்றாண்டு கடந்தது, இன்றும் நான் குடிக்கவில்லை. "இன்றும்" என்பதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கிறது. கடையை மூடுக என்ற குரல் எழட்டும், வேண்டியதுதான். அதுவரை, கடைக்குச் செல்லும் வழியை அறிந்த ஊர், இந்த அறைக்குச் செல்லும் வழியையும் அறிய வேண்டாவா? குடித்தவனைக் கண்டு நகைக்கும் வாய், அந்த முகவரியை மெல்லச் சொல்லக் கூடாதா?

இவ்வாண்டு கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன்: "குடிநோயாளி ஒருவரை நாம் எவ்வாறு நடத்த வேண்டும்?" பிள்ளைகள் எழுதித் தந்துள்ளனர். திருத்துகிறேன். கை நடுங்கவில்லை.