பழைய வீட்டுக்கு என்ன விலை?

மாமனார் கட்டிய கும்பகோணத்து ஓட்டு வீட்டை விற்பதென்று முடிவானபோது, மாமியார் சொன்ன விலையைக் கேட்டு நான் அசந்துவிட்டேன். "நாப்பது வருஷம் வாழ்ந்த வீடும்மா!" என்றார். வாழ்ந்ததற்கு யார் பணம் தருவார்கள்? ஆறு மாதமாக ஒருவரும் வரவில்லை. பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்டும் நாளோ நெருங்கிவிட்டது.

தரையெல்லாம் டைல்ஸ் போடலாம் என்றார் என் கணவர். நான் தடுத்துவிட்டேன். வாங்குகிறவர் இடித்துக் கட்டினால் அத்தனை பணமும் வீண்தானே! உடைந்த ஓடுகளை மாற்றி ஒழுகலை நிறுத்தினோம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையடித்தோம். ஈரத்தின் மேல் அடித்தால் கறை மறுபடி தெரியும். சொட்டும் குழாய்களுக்கு வாஷர் போட்டோம். தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்ததும் கூடமே பெரிதாகிவிட்டது. சிவப்பு சிமெண்டுத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன்; பளபளவென்று ஆயிற்று.

பிறகு விலை. அரசு வழிகாட்டி மதிப்பைப் பார்த்தோம். அது பத்திரப் பதிவுக்கான கணக்கு. சந்தை விலை வேறு. அதனால் எங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய இரண்டு வீடுகளின் விலையையும் விசாரித்தோம். பழைய வீட்டில் மனைக்குத்தான் பெரும்பங்கு விலை என்பது புரிந்தது. மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "பேத்தி படிக்கட்டும். குறைச்சுக்கோங்க" என்றார்.

வில்லங்கச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் தயாராக இருந்ததால், அடுத்த மாதமே பேரம் படிந்தது. சாவி கொடுத்த அன்று, மாமியார் துளசிச் செடியை மட்டும் ஒரு தொட்டியில் பெயர்த்துக்கொண்டார். அதற்கு நாங்கள் விலை வைக்கவில்லை.