தறி நின்ற ராத்திரிகள்

சோமனூர்ப் பக்கம் ராத்திரி என்றால் இருட்டு மட்டும் இல்லை, சத்தமும்தான். கோவையிலிருந்து திருப்பூர் போகிற வழியில் கருமத்தம்பட்டியில் இறங்கி உள்ளே நடந்தால், டடக் டடக் என்று தறிச் சத்தம்தான் முதலில் காதில் விழும். விடிய விடிய ஓடும். வெளியூரிலிருந்து விசேஷத்துக்கு வந்து தங்குகிறவர்கள் மறுநாள் காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும்!

அப்படி ஒரு வீட்டில் வளர்கிற பையன் அவன். 2025-ல் அவனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்குப் பின்னால் ஆறு தறி போட்ட குடோன். எல்லாம் சாதா தறி, கூலிக்கு ஓட்டுவது. பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், இவர்கள் காடாத் துணி நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்க வேண்டும். ராத்திரி ஷிப்டை அப்பாவே பார்த்துக்கொள்வார். ஆள் சம்பளம் மிச்சமாகும் என்று.

பள்ளியில் சேர்ந்த இரண்டாவது மாதம் பையன் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தான். சும்மா இல்லை, அழுத்தி அழுத்தி, நாலைந்து தடவை சேர்ந்தாற்போல. முதலில் கண் டாக்டர். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். அப்பத்தா, "புள்ளைக்குக் கண்ணு பட்டிருச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மூன்று வாரத்தில் கண் சிமிட்டல் தானாக நின்றது. சொட்டு மருந்துக்குப் பாதி, மிளகாய்க்குப் பாதி என்று பெயரைப் பிரித்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் தோளைக் குலுக்க ஆரம்பித்தான். அப்புறம் தொண்டையில் ஒரு சத்தம். 'க்ஹும்... க்ஹும்' என்று, சளி இல்லாத கனைப்பு.

டிக் என்பதன் சுபாவமே இதுதான். ஒன்று போகும், இன்னொன்று வரும். சில வாரம் ஏறும், சில வாரம் காரணமே இல்லாமல் இறங்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தலைகாட்டும், பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்ம வயது முடியும்போது பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும். பையன்களுக்கு அதிகம். ஒரு வருஷத்துக்குள் போய்விட்டால் தற்காலிக டிக். உடம்பு அசைவுகள் பலவும் குரல் சத்தம் ஒன்றாவதும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் டூரெட் என்பார்கள். 1885-ல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட்டின் பெயர் அது. இருபதாம் நூற்றாண்டில் பாதிக்கு மேல் இதை மனக்கோளாறு என்றும் வளர்ப்புக் கோளாறு என்றும் சொல்லித் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1960களில் நியூயார்க்கின் ஷப்பீரோ தம்பதியர் ஹாலோபெரிடால் மருந்துக்கு இது அடங்குவதைக் காட்டிய பிறகுதான் மூளை பக்கம் பார்வை திரும்பியது.

டிசம்பரில் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினாள். குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர் பையனோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டே கவனித்தார். பள்ளியில் எப்படி இருக்கிறான், எழுத்து வருகிறதா, எதற்காவது ரொம்பப் பயப்படுகிறானா என்று கேட்டார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், டீச்சரிடம் சொல்லி வையுங்கள், அதைப் பற்றி அவனிடம் பேசாதீர்கள், தூங்குகிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று அனுப்பினார். அப்பா வரவில்லை. அன்றைக்குப் பாவு பிணைக்கிற வேலை.

பேசாமல் இருப்பது பகலில் சுலபம். படுக்கையில்தான் கஷ்டம். பகலில் டிக் விளையாட்டோடு கலந்துவிடும். விளக்கை அணைத்ததும் வேறு ஒன்றும் இருக்காது, அது மட்டும்தான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். டிக்கைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும். சிக்கலே அதில்தான் இருக்கிறது! அடக்கவே முடியாத ஒன்றென்றால் யாரும் குழந்தையைத் திட்டமாட்டார்கள். டீச்சர் முறைத்தால் இரண்டு நிமிடம் நிற்கிறது, மாமா வந்தால் நிற்கிறது. "அப்போ முடியுதில்ல? வேணும்னேதான் பண்றான்" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தும்மலைக்கூடத்தான் சில நொடி அடக்கலாம். பெரிய பிள்ளைகள் டிக் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஓர் அரிப்பு மாதிரி, இறுக்கம் மாதிரி வருகிறது, செய்தால்தான் தீர்கிறது என்று சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லவும் தெரியாது.

அடக்கியதெல்லாம் பின்னால் வட்டியோடு வரும் என்று பெற்றோர் பலர் சொல்வதுண்டு. சில நிமிடங்கள் அடக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வுகளில் அப்படிக் காணவில்லை. ஆனால் அடக்குவதற்குக் கவனம் வேண்டும். காவல்காரன் மாதிரி முழித்திருக்க வேண்டும். தூக்கத்துக்கோ காவலை விட வேண்டும். "சத்தம் போடாம தூங்கு" என்று ஒரு டிக் பிள்ளையிடம் சொன்னால் காவலுக்கும் நில், தூங்கவும் செய் என்று சொன்ன மாதிரி. எந்த மனுஷனால் முடியும்?

அந்த வீட்டில் இது மூன்று மாதம் தெரியாமலே இருந்தது. காரணம், தறி. பையன் 'க்ஹும்' என்றால் அவன் காதுக்கே சரியாகக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறி அடிக்கிறபோது ஒரு குழந்தையின் கனைப்பு எம்மாத்திரம்? அப்பத்தாவின் பழைய நூல் சேலையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, தலையணையை நாலு தடவை தட்டி, தோளைக் குலுக்கி, கனைத்து, அரை மணியில் தூங்கிப்போவான்.

2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். 2022-லும் இப்படி வாரக்கணக்கில் தறி நின்றதுண்டு. இந்தத் தடவை ஏறத்தாழ ஒரு மாதம். ஊரே ஊமையாகிவிட்டது. நாய் குரைப்பது கேட்டது, பக்கத்து வீட்டு டிவி கேட்டது, பல்லி கத்துவது கேட்டது. வீட்டுக்குள் இது கேட்டது.

க்ஹும். க்ஹும்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அப்பா இத்தனை ராத்திரி சேர்ந்தாற்போல வீட்டில் படுத்ததே கிடையாது. மகனுக்கு என்னவோ கண் சிமிட்டல், டாக்டரிடம் காட்டியாச்சு என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். தறி நின்றால் வருமானம் நின்றது. குழுவுக்கு வாரத் தவணை நிற்காது. பெரிய மனுஷர் மாநாட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற கவலை இல்லை அது. மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவனின் கவலை. நாலாவது ராத்திரியோ ஐந்தாவது ராத்திரியோ, பத்து மணிக்கு மேல் அவர் எழுந்து உட்கார்ந்து கத்திவிட்டார். "ஏன்டா, நிறுத்தவே மாட்டியா நீயி?"

சத்தம் நின்றது. உடனே நின்றது. அதுதான் அவருக்குக் கிடைத்த சாட்சி. பார்த்தாயா, சொன்னால் நிற்கிறது!

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கையை நீட்டித் துழாவினாள். பையன் தூங்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்து வைத்திருந்தான். உடம்பு விறைத்திருந்தது. எடுத்துவிட்டதும் முதலில் கேட்டது, "சத்தம் வெளிய கேக்குதாம்மா?"

அவள் விளக்கைப் போட்டாள். கணவனிடம் கத்தவில்லை. "ஏனுங்க, அவன் சொல்லி வெச்சுப் பண்றதில்லீங்க. நீங்க ஒரு தும்மல நிறுத்திக்கிட்டுத் தூங்கிப் பாருங்க, பாக்கலாம்" என்றாள். சேலைத் தலைப்பு நனைந்திருந்ததை அவர் கையிலேயே கொடுத்தாள்.

மறுநாள் ஆண்கள் செய்கிற வழக்கப்படி அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. திண்பண்டம் வாங்கி வந்தார். ராத்திரி எட்டரைக்குப் பையனை வெந்நீரில் குளிக்க வைத்தது அவர். மொபைலை அலமாரி மேலே வைத்ததும் அவர். ஒன்பது மணிக்குப் பையனுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டார். பையன் உஷாராகிவிட்டான். ஒரு சத்தம் இல்லை, மூச்சைக்கூட அளந்து விட்டான். அப்பா இருக்கிறாரே!

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. "பண்ணுனாப் பண்ணிக்க சாமி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். அன்பாகச் சொன்னாலும் பேச்சு அதைப் பற்றித்தானே? டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் ஏறும். அவர் அதைச் சொல்லவில்லை. தெரிந்து செய்தாரா, சொல்ல வாய் வராமல் செய்தாரா, தெரியாது. வாயால் மெதுவாகத் தறி ஓட்ட ஆரம்பித்தார். டடக்... டடக்... டடக்...

ஒரு நிமிடம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது நம்ம தறி இல்லீங்கப்பா. நம்மது இன்னும் வேகம்."

"அப்படியா? நீயே ஓட்டு பாக்கலாம்."

பையன் ஓட்டினான். முதல் தறி ஒரு மாதிரி, கடைசித் தறி ஒரு மாதிரி. ஆறுக்கும் ஆறு சத்தம் வைத்திருந்தான். நடுவில் இரண்டு தடவை கனைத்தான். அப்பா அவன் முதுகில் அதே தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார். சாதா தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா அடிக்கும். தட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பையனும் குறைத்தான். அன்றைக்கு ஒன்பதே முக்காலுக்குத் தூங்கினான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கவனம் ஒரு வேலையில் இறங்கினால் டிக் குறைவது பலரிடம் பார்த்ததுதான். டூரெட் உள்ள ஓர் அறுவை மருத்துவரைப் பற்றி ஆலிவர் சாக்ஸ் எழுதியிருக்கிறார். கத்தியை எடுத்தால் அவருக்கு அது மறைந்துவிடும். 2018-ல் வந்த 'ஹிச்கி' இந்திப் படத்தில் ராணி முகர்ஜி டூரெட் உள்ள டீச்சராக நடித்தார். நல்ல படம்தான், ஆனால் சாதிப்பதைக் காட்டுகிற படங்கள் ராத்திரி ஒன்பது மணியைக் காட்டுவதில்லை.

எல்லா ராத்திரியும் பலிக்கவும் இல்லை. பள்ளியில் பரீட்சை வந்த வாரம் பத்தரை ஆனது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்தால் மறுநாள் டிக் கூடும், கூடினால் தூக்கம் குறையும். தறி விளையாட்டே ஒரு நாள் அவனைச் சிரிப்புக் காட்டி எழுப்பி உட்கார வைத்துவிட்டது. அதனால் விளையாட்டைப் படுக்கப்போவதற்கு முன்னால் திண்ணைக்கு மாற்றினார்கள். படுக்கையில் முதுகு தட்டல் மட்டும், கூடவே ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தார்கள், அதன் சத்தத்துக்காக. தலையணையை நாலு தடவை தட்டுவதை யாரும் தடுக்கவில்லை. அது பத்து, இருபது என்று ஏறித் தூக்கத்தைத் தின்றால் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறவில்லை.

தூங்கிய பிறகும் தோள் சில சமயம் குலுங்கும். தூக்கத்தில் டிக் அடியோடு நின்றுவிடும் என்று முன்பு நினைத்தார்கள். தூக்கத்தைப் பதிவு செய்து பார்த்தபோது குறைகிறதே ஒழிய முழுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது உடம்பு தூக்கிப்போடுவது எல்லாருக்கும் உண்டு, அது வேறு. வலிப்பும் வேறு. கூப்பிட்டால் பதில் இல்லை, கண் ஒரு பக்கம் செருகுகிறது, முடிந்ததும் நினைவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மொபைலில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுவது நல்லது, பிள்ளைக்குத் தெரியாமல். அம்மா ஒரு தடவை அப்படிப் பிடித்துக் காட்டினாள், டிக்தான் என்றார்.

ஏப்ரலில் பேச்சுவார்த்தை முடிந்து கூலி கொஞ்சம் ஏறியது. கேட்ட அளவு இல்லை. தறி மறுபடி ஓடிய முதல் ராத்திரி அப்பா குடோனில் நின்றுகொண்டே அடிக்கடி வீட்டுக் கதவைப் பார்த்தார். இனிமேல் கனைப்பு கேட்காது. தூங்கினானா இல்லையா என்பதும் தெரியாது. ஒன்பதரைக்கு அம்மா எட்டிப் பார்த்து, "உங்களக் கூப்பிடறானுங்க" என்றாள்.

பையன் படுத்தபடியே, "அப்பா, மூணாவது தறி சரியில்லீங்க" என்றான்.

அவர் போய்ப் பார்த்தார். நாடாவை அடிக்கிற பிக்கர் தேய்ந்திருந்தது. தறியை நிறுத்தி மாற்றிவிட்டு, சொல்லலாமென்று வந்தால் பையன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தோள் ஒரு தடவை குலுங்கியது. அவர் சேலையை இழுத்துவிட்டுப் போய் மூன்றாவது தறியை ஓட்டிவிட்டார்.