இரண்டாவது நிமிடம்

அந்த ஜனவரி முழுக்க உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். அறை ஒன்று, மைக்ராஸ்கோப் ஒன்று, ஆள் நான் ஒருத்தி. பத்து மணிக்குள் வராண்டா நிறைந்துவிடும். காய்ச்சல் என்று யார் வந்தாலும் எங்கள் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒரே சொல்தான்: பனி.

அன்று வந்தவள் இலை எடுக்கிறவள், லைன் வீட்டுக்காரி. ஒன்பது மாதப் பெண் குழந்தை. முந்தின இரவிலிருந்து காய்ச்சல், 102-க்குக் கீழே இறங்கவில்லை. சளி இல்லை, இருமல் இல்லை, பேதியும் இல்லை. டாக்டர் சரியாகத்தான் யோசித்தார். மூத்திரம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பாட்டிலைக் கையில் பிடித்தபடி வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு தடவை துணியோடு போயிற்று. மூன்றாவது தடவை பாதியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணுக்குப் போறப்ப மொகத்தச் சுளிக்கிறா அக்கா" என்றாள். கேட்டேன். மனதில் வாங்கவில்லை.

மூத்திரம் பார்க்கும் பட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான பிளாஸ்டிக் துண்டு, அதில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். நனைத்து, விளிம்பைத் தட்டி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நேரம். சர்க்கரைக்கு அரை நிமிடம். நைட்ரைட்டுக்கு ஒரு நிமிடம். வெள்ளையணுக்களைக் காட்டும் லூக்கோசைட் சதுரத்துக்கு முழுதாக இரண்டு நிமிடம். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த டப்பாவின் மேலேயே அச்சிட்டிருந்தது. கூட்டத்தைக் காரணமாக வைத்து, எல்லாச் சதுரங்களையும் ஒரே நிமிடத்தில் பார்த்து முடிப்பதை நான் வழக்கமாக்கி வைத்திருந்தேன். நைட்ரைட் சதுரம் வெள்ளையாக இருந்தது. லூக்கோசைட் சதுரம் இளமஞ்சளாகவே இருந்தது. பட்டையை வாளியில் போட்டேன். சீட்டில் 'நார்மல்' என்று எழுதினேன். பட்டை நார்மல் என்றால் மைக்ராஸ்கோப்பில் வைக்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

சாயங்காலம் வாளியைக் கொட்டும்போது மேலாகக் கிடந்த ஒரு பட்டையின் அந்தச் சதுரம் ஊதா நிறமாகியிருந்தது. யாருடையது என்று தெரியாது. நேரம் கடந்த பட்டையின் நிறத்தை நம்பக் கூடாது என்று படித்ததுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பாடத்தை அன்றைக்கு எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை விட்டது. விடாத வாந்தி. தோட்டத்து ஜீப்பில் குன்னூருக்கும் அங்கிருந்து கோவைக்கும் கொண்டுபோனார்கள். மூத்திரத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது. பத்து நாள் ஊசி. ஆறு மாதம் கழித்து எடுத்த டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் மேல்முனையில் ஒரு தழும்பு. தழும்புக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது என்று அந்தச் சீட்டோடு வந்தவர்களிடம் எங்கள் டாக்டர் சொன்னார். அது உண்மை. ஆனால் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து தள்ளிப்போனால் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது என்று 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தவறு அவசரம் மட்டுமல்ல, அறியாமையும்தான். நைட்ரைட் வெள்ளையாக நின்றதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் ஈ.கோலை மூத்திரத்திலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அந்த மூத்திரம் நான்கு மணி நேரமாவது மூத்திரப்பையில் தங்க வேண்டும். கைக்குழந்தைக்கு அவ்வளவு நேரம் எங்கே தங்குகிறது? கண்ணெதிரே வராண்டாவில் அது இரண்டு தடவை துணியை நனைத்ததை நானே பார்த்தேன். தவிர, என்டெரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. நைட்ரைட் சிவந்தால் நோய்த்தொற்று ஏறக்குறைய நிச்சயம். சிவக்காவிட்டால், குழந்தை விஷயத்தில் அதற்கு ஒரு பொருளும் கிடையாது.

நம் உடம்பு தரும் சாட்சி இன்னொன்று உண்டு. கிருமிக்கு இரும்புச் சத்து வேண்டும். அதைத் திருட ஈ.கோலை ஒரு சின்ன மூலக்கூறை வெளியே அனுப்பும். அது இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பும் வழியில் மடக்கிப் பிடிக்க, நம் வெள்ளையணுக்களும் சிறுநீரகமும் என்ஜிஏஎல் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இந்தப் போராட்டம் 2004-ல்தான் தெளிவாகத் தெரிய வந்தது. நியூயார்க்கில் காய்ச்சலோடு வந்த சின்னக் குழந்தைகளின் மூத்திரத்தில் இந்தப் புரதத்தை அளந்து பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. நோய்த்தொற்று இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய 97 சதவீதத்தினரை அது பிடித்துவிட்டது. நைட்ரைட் சதுரம் பிடித்தது அதைவிடக் குறைவான பேரைத்தான். மூத்திரம் பையில் எவ்வளவு நேரம் தங்கியது என்ற கணக்கு இந்தப் புரதத்துக்குத் தேவையில்லை. சிறுநீரகம் வேறு விதமாக அடிபட்டாலும் இது ஏறும் என்பதால், கல்ச்சர் இல்லாமல் முடியாது. எங்கள் மாதிரி மலை லேபுக்கு இது இன்னும் வந்து சேரவில்லை. வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்ச்சர் முடிவுக்கு ஒன்றிரண்டு நாள் காத்திருக்கும் ஊரில், மூத்திர மாதிரியே இருபது வளைவு இறங்கிப் போக வேண்டிய ஊரில், அரை மணியில் சொல்லும் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

அது வரும்வரை இருப்பதை ஒழுங்காகச் செய்யலாம். மேஜையில் சமையலறை டைமர் ஒன்று வைத்தேன். ஒட்டுப்பையில் பிடித்த மூத்திரத்தில் தோலிலுள்ள கிருமியும் சேர்ந்துவிடும், அதில் கல்ச்சர் பாசிட்டிவ் என்று வந்தால் நம்ப முடியாது. அதனால் நேரடியாகப் பிடித்ததா, டியூப் போட்டு எடுத்ததா, குழந்தை கடைசியாக எப்போது போனது என்றெல்லாம் சீட்டில் எழுதுகிறேன். கல்ச்சருக்குப் போகும் பாட்டில் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில்தான் பஸ் ஏறும். அறைச் சூட்டில் விட்டால் இரண்டொரு கிருமி மலையடிவாரம் சேர்வதற்குள் கூட்டமாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்தால் குழந்தை சீக்கிரம் போகும் என்று மெல்போர்னில் கண்டுபிடித்து 2017-ல் எழுதியிருந்தார்கள். சும்மா காத்திருந்த குழந்தைகளில் 12 சதவீதம் ஐந்து நிமிடத்துக்குள் போயின. தேய்த்தபோது 31 சதவீதம். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே அதற்குப் போதும்.

அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள். பட்டையைப் பற்றியும் ஒரு நிமிடத்தைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அதுதான் நியாயமும்கூட.

"அன்னிக்கு அரநாள் சம்பளத்த விட்டுட்டுக் காத்துக் கெடந்தேன் அக்கா" என்றாள். "இன்னும் ஒரு நிமிசம் இருந்திருக்க மாட்டேனா?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மேட்டில் ஏறிப்போனாள்.

குழந்தை இப்போது ஆறாம் வகுப்பு. தழும்பு விழுந்த சிறுநீரகம் பிற்காலத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை அம்மா கூட்டிக்கொண்டு வருகிறாள், பிரஷர் பார்க்க, மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்க்க. போன மாதம் வந்தபோது டைமரை மகளே திருகினாள். புரதச் சதுரம் மஞ்சளாகவே நின்றது. அதற்கு ஒரு நிமிடம் போதும். "அவ்வளவுதானே அத்தை?" என்று கேட்டாள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்றேன். மூவரும் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.