குனிதலும் பணிதலும்



மாலை நேர மதரஸாவில் அன்று, மலக்குகள் ஆதம் (அலை) அவர்களுக்கு ஸஜ்தா செய்த வரலாற்றை நாம் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் வீட்டிலுள்ள இங்கிலீஷ் தர்ஜுமாவில் மலக்குகள் 'பவ் டவுன்' செய்தார்கள் என்று இருக்கிறது. கராத்தே வகுப்பில் மாஸ்டருக்கு நாங்களும் 'பவ்' செய்கிறோம். அப்படியென்றால் அதுவும் ஸஜ்தாவா?"

"இங்கிலீஷை வீட்டில் வைத்துவிட்டு வா தம்பி" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. முகம் சிவக்க அவர் அமர்ந்தார். அடுத்த இரண்டு வாரங்கள் அவர் வாய் திறந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மௌனம் நம்மை உறுத்தியது. ஒருநாள் இஷாவுக்குப் பின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை எடுத்து ஒப்புநோக்கினோம். யூசுஃப் அலீ அவர்கள், அல்பகரா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தில் ஸஜ்தாவுக்கு 'பவ் டவுன்' என்றே எழுதியிருக்கிறார். ஆனால் ருகூஉ, ஸஜ்தா இரண்டும் அடுத்தடுத்து வரும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 77ஆம் வசனத்தில், அதே சொல்லை ருகூஉவுக்குத் தந்துவிட்டு, ஸஜ்தாவுக்கு 'ப்ராஸ்ட்ரேட்' என்கிறார். 1930இல் வெளியான பிக்தால் அவர்களின் மொழிபெயர்ப்போ, ஆதம் (அலை) வரலாற்றிலும் 'ப்ராஸ்ட்ரேட்' என்றே கூறுகிறது. மாணவரின் குழப்பம் நியாயமானதே. தவறு நம்முடையது.

ஆங்கிலத்தில் உடலைத் தாழ்த்துவதைக் குறிக்கும் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் 'பவ்' என்பது தலையையோ இடுப்பையோ வளைத்தல். வாழ்த்துக்கும் நன்றிக்கும்கூட அது பொருந்தும். 'ஸ்டூப்' என்பது தாழ்ந்த வாசலில் நுழையவோ கீழே விழுந்ததை எடுக்கவோ குனிதல். குணத்தில் தரம் தாழ்ந்து போவதற்கும் அதே சொல்தான். 'நீல்' என்பது மண்டியிடுதல். குர்ஆனின் 45ஆம் அத்தியாயமான 'அல்ஜாஸியா', மறுமையில் ஒவ்வொரு சமுதாயமும் மண்டியிட்டிருக்கும் காட்சியால் பெயர் பெற்றது. 'ப்ராஸ்ட்ரேட்' என்பது முகம் தரையை நோக்கக் குப்புற விழுந்து கிடத்தல்.

இவற்றுள் எதுவும் ஸஜ்தாவுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. நெற்றியும் அதனுடன் மூக்கும், இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல் நுனிகள் ஆகிய ஏழு உறுப்புகள் தரையில் பட ஸஜ்தா செய்யுமாறு நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. முழங்கைகளைத் தரையில் பரப்புவதை அவர்கள் தடுத்தார்கள். ஆகவே வெறுமனே குனிவதும் ஸஜ்தா அன்று. உடல் முழுதும் தரையில் கிடப்பதும் ஸஜ்தா அன்று. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது அந்நிலையில்தான் என்று நபிமொழி அறிவிக்கிறது. 'மஸ்ஜித்' என்ற பெயரே ஸஜ்தா செய்யுமிடம் என்ற பொருளில் அமைந்ததன்றோ!

மறுவாரம் அம்மாணவரை அழைத்து வகுப்பின் முன் நிறுத்தினோம். "அன்று நீர் கேட்டது நல்ல கேள்வி. அதைக் கேலி செய்தது நம் பிழை. எம்மை மன்னித்துவிடும்" என்றோம். பிறகு விடையைச் சொன்னோம்: மலக்குகள் செய்த ஸஜ்தா அல்லாஹ்வின் கட்டளைப்படி ஆதம் (அலை) அவர்களைக் கண்ணியப்படுத்தியது, அது வணக்கம் அன்று. யூசுஃப் (அலை) அவர்களுக்கு அவர்தம் குடும்பத்தார் செய்ததும் அத்தகையதே. நம் ஷரீஅத்தில் மனிதருக்கு ஸஜ்தா செய்வது அறவே இல்லை. கராத்தே வகுப்பில் குனிவது ஸஜ்தா ஆகாது. எனினும், சகோதரரைச் சந்திக்கும்போது அவருக்காகக் குனியலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றார்கள். கைகொடுக்க அனுமதித்தார்கள் என்று திர்மிதீயில் பதிவாகியுள்ளது. "மாஸ்டரிடம் ஸலாம் சொல்லிக் கைகொடுக்க அனுமதி கேளும்" என்றோம்.

அவர் விடவில்லை. "அப்படியானால் பெற்றோருக்கும் உஸ்தாதுக்கும் எதைத் தாழ்த்துவது ஹஜ்ரத்?"

இம்முறை நாம் சிரித்தோம், மகிழ்ச்சியால். பெற்றோருக்குப் பணிவெனும் இறக்கையைத் தாழ்த்துமாறு அல்இஸ்ரா அத்தியாயத்தின் 24ஆம் வசனம் ஏவுகிறது. முஃமின்களுக்காகத் தம் இறக்கையைத் தாழ்த்துமாறு நபி (ஸல்) அவர்களுக்கே அல்ஹிஜ்ர் அத்தியாயத்தின் 88ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நெற்றி அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது. மனிதருக்கு நாம் தாழ்த்த வேண்டியது இறக்கையை. அதாவது குரலையும் குணத்தையும் கோபத்தையும்.

நாள்தோறும் பல முறை நெற்றியைத் தரையில் வைக்கும் நாம், ஒரு சிறுவர் முன் நம் இறக்கையைத் தாழ்த்த இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்டோம். ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸைத் தடுத்தது பெருமைதான் என்று பாடம் நடத்திய அதே நாளில் இது நேர்ந்தது. பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது, பெற்றோரே, சற்று நின்று கேளுங்கள்.

நம் நெற்றிகளைத் தனக்கு மட்டுமே பணியச் செய்து, நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றி அருள்வானாக, ஆமீன்.